கேட்டுவிட்டு அனுப்புவோம்

கோலா சுங்கை பாருவிலும் அதைச் சுற்றியுள்ள தோட்டங்களிலும் பெற்றோர் மட்டும் இருக்கும் வீடுகள் பெருகிவிட்டன. மகன் சிங்கப்பூரிலோ ஜொகூர் பாருவிலோ வேலை செய்கிறான். மகள் கோலாலம்பூரில் குடும்பத்தோடு இருக்கிறாள். மஸ்ஜிட் தானா, அலோர் காஜா, ஜாசின், மெர்லிமாவ் என்று மலாக்கா மாநிலத்தின் எந்தப் பக்கம் போனாலும் தமிழ்க் குடும்பங்களின் நிலைமை ஏறக்குறைய இதுதான். ரப்பர் குறைந்து செம்பனை பெருகிய காலத்தில் தோட்டத்தை விட்டு வெளியேறத் தொடங்கிய தலைமுறை, பிழைப்பைத் தேடிப் பட்டணங்களுக்குப் போனது. பிள்ளையின் குரல், பேரக்குழந்தையின் படம், மாதச் செலவுக்கான பணம் எல்லாம் இன்று கைப்பேசி வழியாகவே வீட்டுக்கு வருகின்றன. அதே வழியில், பிள்ளையின் பெயரைச் சொல்லிக்கொண்டு மோசடிக்காரனும் வருகிறான்.

அவன் அனுப்பும் மின்னஞ்சல் பெரும்பாலும் நான்கைந்து வரிதான் இருக்கும். மாதிரிக்கு ஒன்றைப் பார்ப்போம். "அம்மா, அவசரம். என் கைப்பேசி உடைந்துவிட்டது, அழைத்தாலும் எடுக்க முடியாது. நண்பரின் கணினியிலிருந்து எழுதுகிறேன். மருத்துவமனையில் முன்பணம் கேட்கிறார்கள். கீழே உள்ள கணக்கில் 2,800 ரிங்கிட் போடுங்கள், நாளைக்கே திருப்பித் தந்துவிடுகிறேன். அப்பாவிடம் இப்போது சொல்ல வேண்டாம், பயந்துவிடுவார்."

இந்த வரிகளில் வீணாக எழுதப்பட்டது எதுவும் இல்லை. கைப்பேசி உடைந்துவிட்டது என்றதும் அம்மா அழைத்துப் பார்க்கும் வழி அடைபடுகிறது. நண்பரின் கணினி என்றதும் முகவரி ஏன் புதிதாக இருக்கிறது என்ற கேள்வி எழாமலேயே போய்விடுகிறது. மருத்துவமனை என்ற சொல் யோசிக்க நேரம் தருவதில்லை. நாளைக்கே திருப்பித் தருவதாகச் சொன்னதும் தொகை சிறியதாகத் தெரிகிறது. 2,800 என்பதும் கணக்குப் பார்த்துக் கேட்கப்பட்ட தொகைதான். சேமிப்புக் கணக்கில் இருக்கக்கூடியது, யாரிடமும் கடன் வாங்காமல் அனுப்பிவிடக்கூடியது. எல்லாவற்றையும்விடக் கொடியது கடைசி வரி. அப்பாவிடம் சொன்னால், "எங்கே, அதைக் காட்டு" என்று அவர் ஒரு முறை பார்ப்பார். அந்த இரண்டாவது பார்வை விழக் கூடாது என்பதுதான் அனுப்பியவனின் முதல் கவலை.

இது இன்று நேற்று முளைத்த வித்தை இல்லை. 2010ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் மின்னஞ்சல் வைத்திருந்தவர்களுக்கு இதன் பழைய வடிவம் நினைவிருக்கும். தெரிந்த ஒருவரின் முகவரியிலிருந்தே கடிதம் வரும்: லண்டனுக்கு வந்த இடத்தில் பையைப் பறிகொடுத்துவிட்டேன், ஹோட்டல் கணக்கைத் தீர்க்க வேண்டும், வெஸ்டர்ன் யூனியன் வழியாகப் பணம் அனுப்புங்கள் என்று அதில் இருக்கும். அந்த நண்பரோ இங்கே தம் வீட்டில் உட்கார்ந்திருப்பார். ஜப்பானில் 2000களின் தொடக்கத்திலேயே, தொலைபேசியில் "நான்தான்" என்று மட்டும் சொல்லி மகனாக நடித்து முதியவர்களை ஏமாற்றும் கும்பல்கள் பெருகின. 2022இல் பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் வாட்சப்பில் "அம்மா, இது என் புதிய எண்" என்று தொடங்கும் செய்திகள் பல குடும்பங்களின் சேமிப்பைக் கரைத்தன. நம் பிள்ளைகள் வேலை செய்யும் சிங்கப்பூரிலும், நண்பரைப் போலப் பேசிக் கைமாற்று கேட்கும் மோசடியைக் குறித்து அந்நாட்டுக் காவல்துறை பல ஆண்டுகளாக எச்சரித்து வருகிறது. படித்த நாடு, பணக்கார நாடு என்ற வேறுபாடு இதற்குக் கிடையாது. ஆகவே நம்மில் ஒருவர் ஏமாந்தால் அதை நம் சமூகத்தின் அறியாமை என்று யாரும் தலைகுனிய வேண்டியதில்லை.

மின்னஞ்சலின் அமைப்பிலேயே ஒரு பலவீனம் இருக்கிறது. தபால் உறையின் பின்புறத்தில் அனுப்புநர் பெயராக யாரும் யாருடைய பெயரையும் எழுதிவிடலாம். தபால்காரர் அதைச் சரிபார்க்க மாட்டார். மின்னஞ்சலும் அப்படிப் பிறந்ததுதான். அது இன்றும் பின்பற்றும் அடிப்படை விதிமுறை 1982இல், ஒருவரையொருவர் அறிந்த ஆராய்ச்சியாளர்கள் சிலர் மட்டும் கணினி வலையைப் பயன்படுத்திய நாளில் வகுக்கப்பட்டது. பிற்காலத்தில் பூட்டுகள் பல சேர்க்கப்பட்டன. மொத்தமாகக் கடிதம் அனுப்புவோர் தாங்கள் யார் என்பதை முறைப்படி நிரூபிக்க வேண்டும் என்று கூகுளும் யாஹூவும் 2024 பிப்ரவரியிலிருந்து கட்டாயப்படுத்தின. நல்ல ஏற்பாடு. ஆனால் அந்தச் சோதனை, கடிதம் எந்த நிறுவனத்தின் முகவரியிலிருந்து வந்தது என்பதை மட்டுமே உறுதிசெய்யும். ஒருவன் உங்கள் மகனின் பெயரில் இலவசமாகப் புதிய கணக்கொன்றைத் திறந்து எழுதினால், அந்தக் கடிதம் எல்லாச் சோதனையிலும் தேறி நேராக உங்கள் பெட்டிக்கு வந்துவிடும்.

கைப்பேசித் திரையில் பெரிதாகத் தெரிவது பெயர்தான், முகவரி மறைந்திருக்கும். பெயரின் மேல் விரலை வைத்தால் முகவரி தெரியும். அதில் ஓர் எழுத்து கூடியிருக்கலாம், புள்ளி இடம் மாறியிருக்கலாம், பெயருக்குப் பின்னால் தேவையில்லாத எண்கள் தொங்கலாம். இதை எல்லோரும் பழகிக்கொள்ள வேண்டும். அதற்காக இதையே முழுமையாக நம்பிவிடவும் கூடாது. பிள்ளையின் உண்மையான கணக்கே களவு போயிருந்தால் முகவரி சரியாகவே இருக்கும். உள்ளே நுழைந்தவன் பழைய கடிதங்களையும் படித்திருப்பான். அப்பாவுக்கு எந்த மருத்துவமனையில் சிகிச்சை, அத்தை மகளுக்கு எப்போது திருமணம், வீட்டில் யாரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதெல்லாம் அவனுக்குத் தெரிந்திருக்கும். பதில் கடிதங்கள் மட்டும் தன் பெட்டிக்குப் போகும்படி அமைப்பை மாற்றியும் வைத்திருப்பான். அப்போது பிள்ளைக்கே தன் பெயரில் நடப்பது தெரியாது. இளையோர் தங்கள் கணக்கில் இரட்டைச் சரிபார்ப்பைப் போட்டுவைப்பது, ஒரே கடவுச்சொல்லைப் பத்து இடங்களில் பயன்படுத்தாமல் இருப்பது எல்லாம் தங்களுக்காக மட்டுமே செய்துகொள்ளும் காரியங்கள் அல்ல. அவர்களின் கணக்கு உடைந்தால் பணம் போவது பெற்றோரிடமிருந்துதான்.

முன்பெல்லாம் மொழியே காட்டிக்கொடுத்துவிடும். வீட்டுக்கு எழுதும்போது தமிழும் மலாயும் கலந்து "மா, சாப்டாச்சா" என்று தொடங்கும் பிள்ளை, திடீரென்று அலுவலக ஆங்கிலத்தில் பணம் கேட்டால் அம்மாவுக்குப் பொறி தட்டும். அந்தக் காவல் இப்போது தளர்ந்துவிட்டது. செயற்கை நுண்ணறிவின் உதவியால் மோசடிக்காரனால் பேச்சுத் தமிழிலேயே எழுத முடிகிறது. சமூக ஊடகத்தில் கிடக்கும் சிறு காணொளியிலிருந்து குரலையும் நகலெடுக்க முடிகிறது. அமெரிக்காவின் எஃப்பிஐ 2024 டிசம்பரில் வெளியிட்ட எச்சரிக்கையில் சொன்ன தீர்வுகளில் ஒன்று மிக எளிமையானது: குடும்பத்துக்குள் ஒரு ரகசியச் சொல்லை வைத்துக்கொள்ளுங்கள். நம் குடும்பங்களுக்கு இது கடினமே இல்லை. பழைய லயத்தில் பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்கு இருந்த பட்டப்பெயர், பெரட்டுக் களத்துக்கு எதிரே இருந்த மரம், பாட்டி வளர்த்த ஆட்டின் பெயர் என்று எந்த ஃபேஸ்புக் பக்கத்திலும் இல்லாத சொற்கள் ஒவ்வொரு தோட்டக் குடும்பத்திடமும் நிறையவே இருக்கின்றன. அவற்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்துக்கொண்டால் போதும்.

இங்கே இரண்டு தரப்பினரின் மனக்குறையையும் கேட்க வேண்டும்.

பெரியவர்கள் சொல்வது: பிள்ளை ஆபத்தில் இருக்கிறான் என்று தெரிந்த பிறகும் அடையாளம் கேட்டுக்கொண்டிருப்பது பெற்ற மனதுக்கு ஆகாது. தோட்டத்தில் ஒரு வீட்டில் துக்கம் என்றால் காரணம் கேட்காமல் கையில் இருப்பதைக் கொடுத்து வளர்ந்தவர்கள் அவர்கள். கைமாற்று கொடுக்கும்போது கணக்குக் கேட்பதையே அநாகரிகமாக நினைத்த தலைமுறை அது. சந்தேகப்படக் கற்றுக்கொள் என்று அவர்களிடம் சொல்வது, இத்தனை நாள் எப்படி வாழ்ந்தாய் என்று கேட்பதைப் போல அவர்களுக்குப் படுகிறது. இந்த வருத்தம் நியாயமானது.

இளையவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. எத்தனை முறை எடுத்துச் சொன்னாலும் வந்த இணைப்பையெல்லாம் தட்டுகிறார்கள், கைப்பேசிக்கு வரும் ஆறு இலக்க எண்ணை யார் கேட்டாலும் சொல்லிவிடுகிறார்கள், பணம் போன பிறகுதான் எங்களிடம் சொல்கிறார்கள் என்று அவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். அந்த ஆறு இலக்க எண்ணைக் கொடுத்துவிட்டால் வாட்சப் கணக்கே கைமாறிவிடும். அடுத்த நிமிடம் அம்மாவின் பெயரில் உறவினர் எல்லோருக்கும் பணம் கேட்டுச் செய்தி பறக்கும். சிலர் வெறுத்துப்போய், வயதானவர்களுக்கு இணைய வங்கிச் சேவையே வேண்டாம் என்கிறார்கள். அது தீர்வாகாது. மின்கட்டணம் கட்டவும் பேரப்பிள்ளைக்குத் தீபாவளிப் பணம் அனுப்பவும் யாரையும் எதிர்பார்க்காமல் இருப்பது அவர்களுக்குக் கிடைத்த சுதந்திரம். மோசடிக்காரனுக்குப் பயந்து அதைப் பறிக்கக் கூடாது.

இரு தரப்பும் சந்திக்கும் இடம் ஒன்று உண்டு. சரிபார்க்கும் ஏற்பாட்டைப் பிள்ளைதான் முதலில் தொடங்கிவைக்க வேண்டும். "அம்மா, நான் ஒருநாளும் மின்னஞ்சலிலோ செய்தியிலோ பணம் கேட்க மாட்டேன். என் பெயரில் அப்படி வந்தால் உடனே என் பழைய எண்ணுக்கே கூப்பிடுங்கள். நான் வேலையில் இருந்தாலும் தூங்கினாலும் கோபப்பட மாட்டேன்." இதைப் பிள்ளை தன் வாயால் ஒருமுறை சொல்லிவிட்டால், பிறகு அம்மா கேட்பது சந்தேகமாக இருக்காது; பிள்ளை கேட்டுக்கொண்டதைச் செய்வதாக இருக்கும். கைப்பேசி உண்மையாகவே உடையும் நாளும் வரலாம். அதற்கென்று பிள்ளையின் அறை நண்பர் ஒருவர், பக்கத்திலிருக்கும் உறவினர் ஒருவர் என்று இரண்டு எண்களை முன்கூட்டியே வாங்கிவைத்துக்கொள்ளலாம். மருத்துவமனை என்று சொன்னால் அந்த மருத்துவமனையின் பொது எண்ணை நாமே தேடி அழைத்துக் கேட்கலாம். கடிதத்திலேயே கொடுத்திருக்கும் எண்ணுக்கு மட்டும் அழைக்கக் கூடாது. அதை எடுப்பவனும் மோசடிக்காரனின் ஆளாகவே இருப்பான். உண்மையான அவசரம் ஒரு தொலைபேசி அழைப்பு எடுக்கும் நேரத்துக்குக் காத்திருக்கும். அந்த நேரத்தைத் தர மறுக்கும் கடிதத்தை நம்ப வேண்டியதில்லை.

இன்னும் ஒரு கடைசிக் கதவும் உண்டு. டுயிட்நாவ் வழியாகப் பணம் அனுப்பும்போது, உறுதிசெய்யும் முன் பெறுபவரின் பெயர் திரையில் வரும். மகனுக்கு அனுப்புவதாக நினைக்கும் தாயின் திரையில் முன்பின் தெரியாத ஒருவரின் பெயர் வந்தால், அங்கேயே கையை எடுத்துவிட வேண்டும். "அது நண்பரின் கணக்கு" என்ற பதிலை மோசடிக்காரன் தயாராக வைத்திருப்பான். அந்தப் பதில் வந்ததென்றால் சந்தேகம் இன்னும் உறுதிப்பட வேண்டும். காவல்துறையின் 'செமாக் மியூல்' இணையப் பக்கத்தில் கணக்கு எண்ணையோ தொலைபேசி எண்ணையோ போட்டால், அதன் மேல் ஏற்கெனவே புகார் வந்திருக்கிறதா என்று பார்க்கலாம். புகார் இல்லை என்று காட்டினாலும் நிம்மதி அடைந்துவிடக் கூடாது. நேற்றுக் கைமாறிய கணக்கின் மேல் இன்றைக்குள் புகார் வந்திருக்காது.

பணம் போய்விட்டால் இழப்பு யாருடையது? இதில்தான் கருத்துவேறுபாடு அதிகம்.

தாமே கடவுச்சொல் போட்டுத் தாமே உறுதிசெய்து அனுப்பிய பணத்துக்கு வங்கி எப்படிப் பொறுப்பாகும் என்று ஒரு சாரார் கேட்கிறார்கள். எல்லா இழப்பையும் வங்கி ஈடுகட்டினால் மக்கள் கவனக்குறைவாகிவிடுவார்கள், பொய்ப் புகார்களும் பெருகும், முடிவில் அந்தச் செலவு மற்ற வாடிக்கையாளர்கள் தலையில்தான் விழும் என்பது அவர்கள் வாதம். நொடியில் பணம் போகும் வசதியை உருவாக்கியதே வங்கிகள்தான் என்று மறுசாரார் சொல்கிறார்கள். எழுபது வயதுக்காரரின் கணக்கிலிருந்து, இதுவரை ஒருமுறைகூட அனுப்பாத ஒருவருக்கு, வழக்கத்துக்கு மாறான தொகை போகும்போது அதைக் கவனிக்கக்கூடிய கருவி வங்கியிடம்தான் இருக்கிறது, முதியவரிடம் இல்லை. இரண்டு வாதங்களிலும் உண்மை இருக்கிறது.

மற்ற நாடுகள் வெவ்வேறு வழிகளில் போயிருக்கின்றன. பிரிட்டனில் 2024 அக்டோபர் 7 முதல், இப்படி ஏமாந்து அனுப்பிய பணத்தை 85,000 பவுண்டு வரை வங்கிகள் திருப்பித் தர வேண்டும். அனுப்பிய வங்கியும் பெற்ற வங்கியும் பாதிப்பாதி ஏற்க வேண்டும். வாடிக்கையாளர் மிக மோசமான அலட்சியம் காட்டியிருந்தால் விலக்கு உண்டு. சிங்கப்பூர் 2024 டிசம்பர் 16 முதல் வங்கிகளுக்கும் தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கும் பொறுப்பைப் பகிர்ந்து கொடுத்தது. ஆனாலும் அது போலி இணையப் பக்கங்களில் விவரங்களைக் கொடுத்து ஏமாறும் மோசடிக்கே பொருந்தும். மகன் என்று நம்பித் தாமே அனுப்பிய பணம் அதில் சேராது. அதே நாட்டில் 2025 ஜூலை 1 முதல் இன்னொரு சட்டமும் நடப்பில் இருக்கிறது. ஏமாறுகிறோம் என்பதை ஒருவர் ஏற்க மறுத்துப் பணம் அனுப்பிக்கொண்டே இருந்தால், அவர் கணக்கிலிருந்து பணம் போவதைத் தற்காலிகமாக நிறுத்தும்படி வங்கிக்குக் காவல்துறை உத்தரவிடலாம். என் பணத்தை நான் அனுப்புவதைத் தடுக்க நீ யார் என்ற கேள்வி அங்கேயும் எழுந்தது. அதைப் புறக்கணிக்க முடியாது. வாழ்நாள் சேமநிதிப் பணம் ஒரே மாலையில் போய்விடுவதைக் கண்ணால் பார்த்த குடும்பத்தினரோ அந்தச் சட்டம் முன்பே வந்திருக்கக் கூடாதா என்றுதான் கேட்பார்கள்.

நம் நாடும் கைகட்டி நிற்கவில்லை. 2022 செப்டம்பரில் பேங்க் நெகாரா வங்கிகளுக்குச் சில கட்டளைகளை விதித்தது: குறுஞ்செய்தியில் வரும் ஒருமுறைக் கடவுச்சொல்லை விட்டுவிட்டுப் பாதுகாப்பான உறுதிமுறைக்கு மாறுவது, ஒரு வாடிக்கையாளருக்கு ஒரே கருவியில் மட்டும் அங்கீகாரம் அளிப்பது, புதிதாகப் பதிவு செய்பவர்களுக்குக் காத்திருப்பு நேரம் வைப்பது, மோசடிப் புகாருக்குத் தனித் தொலைபேசி எண் கொடுப்பது ஆகியவை அவற்றில் அடங்கும். மறுமாதமே தேசிய மோசடி எதிர்ப்பு மையம் 997 என்ற எண்ணுடன் தொடங்கியது. காவல்துறை, பேங்க் நெகாரா, மலேசியத் தொடர்பு பல்லூடக ஆணையம், வங்கிகள், தொலைபேசி நிறுவனங்கள் எல்லாம் அதில் இணைந்து வேலை செய்கின்றன. வங்கியுடன் தகராறு தீராதவர்கள், 2025 ஜனவரி முதல் செயல்படும் எஃப்எம்ஓஎஸ் என்ற நிதிச் சந்தைக் குறைதீர்ப்பு அமைப்பிடம் கட்டணமின்றி முறையிடலாம். இருந்தாலும் விரும்பி அனுப்பிய பணத்தை மீட்பது இங்கே இன்னும் கடினமாகவே இருக்கிறது.

எங்கள் கருத்து இது. பிரிட்டனைப் போல முழு இழப்பீட்டுக்கு நம் நாடு உடனே தாவ வேண்டியதில்லை. ஆனால் வயதானவர் ஒருவர் முதல்முறையாக ஒருவருக்குப் பெருந்தொகை அனுப்பும்போது, சில மணி நேரம் நிறுத்திவைத்து ஒரு கேள்வி கேட்கும் ஏற்பாடு எல்லா வங்கிகளிலும் வர வேண்டும். விரும்புகிறவர்கள், நம்பிக்கையான குடும்பத்தினர் ஒருவருக்கும் அறிவிப்புப் போகும்படி அமைத்துக்கொள்ள வழி வேண்டும். இந்தக் கடமைகளில் வங்கி தவறினால் இழப்பில் அதற்கும் பங்கு இருக்க வேண்டும். அந்தச் சில மணி நேரத் தாமதம் உண்மையான அவசரக்காரரையும் பாதிக்கும் என்பதை நாமும் மறுக்கவில்லை. அதைப் பொறுத்துக்கொள்வது வாடிக்கையாளர்களாகிய நம்முடைய பங்கு.

பேசக் கூச்சமான ஒரு விஷயத்தையும் இங்கே பேசியாக வேண்டும். திருடிய பணம் காற்றில் மறைவதில்லை; அது யாரோ ஒருவரின் வங்கிக் கணக்கில்தான் விழுகிறது. அந்தக் கணக்கு வெளிநாட்டுக் கும்பல்காரனுடையதாகவே இருக்க வேண்டும் என்பதில்லை. நம் பட்டணங்களில் வேலை தேடி அலையும் இளைஞனுடையதாகவோ, சில நூறு ரிங்கிட்டுக்கு ஏடிஎம் அட்டையையும் கடவு எண்ணையும் கொடுத்துவிட்ட மாணவனுடையதாகவோ அது இருக்கக்கூடும். "அட்டையைக் கொடு, மாதம் இவ்வளவு தருகிறேன்" என்று கேட்பவன் பெரும்பாலும் தெரிந்த அண்ணனாகவே வருவான். 2024இல் தண்டனைச் சட்டத்தில் புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டு, சட்டப்படியான காரணமில்லாமல் தன் கணக்கைப் பிறர் கையில் கொடுப்பதே குற்றமாகிவிட்டது. எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொல்லித் தப்பிப்பது எளிதல்ல. வறுமையைக் காரணம் சொல்லும் இளைஞர்களின் நிலையைப் புரிந்துகொள்ள முடிகிறது. வேலை வாய்ப்பைப் பற்றிய அவர்களின் குறை பொய்யில்லை. ஆனாலும் அந்தச் சில நூறு ரிங்கிட்டுக்குப் பின்னால் இன்னொரு தோட்டத்து அம்மாவின் சேமிப்பு போயிருக்கிறது என்பதை அவர்களிடம் யாராவது நேரில் உட்கார்ந்து சொல்ல வேண்டும். இளைஞர் மன்றங்களும் இடைநிலைப்பள்ளி ஆசிரியர்களும் அந்த வேலையை எடுத்துக்கொள்ளலாம்.

ஏமாந்தது தெரிந்ததும் நம் வீடுகளில் முதலில் எழுவது அழுகை, அடுத்தது திட்டு. "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே" என்று மகன் கத்துகிறான். "வெளியே சொல்லாதே, மானம் போய்விடும்" என்கிறார் அப்பா. இதற்குள் பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கும் அதிலிருந்து வேறொன்றுக்கும் தாவிவிடுகிறது. முதல் சில நிமிடங்களிலேயே வங்கியின் மோசடிப் பிரிவையோ 997ஐயோ அழைத்துவிட்டால், பணம் நின்ற இடத்தில் முடக்கும் வாய்ப்பு உண்டு. அதன் பிறகு அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் எழுதிக் கொடுக்க வேண்டும். பணம் கேட்டு வந்த கடிதத்தை அழித்துவிடக் கூடாது, அது சாட்சியம். ஒன்றை மட்டும் மறக்க வேண்டாம். 997 நாம் அழைப்பதற்கான எண். "997லிருந்து பேசுகிறோம், உங்கள் பணத்தை மீட்டுத் தருகிறோம்" என்று யாராவது உங்களை அழைத்தால் அது இரண்டாவது மோசடி. ஏமாந்தவரைத் திட்டும் வீட்டில் அடுத்த முறை யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். மௌனமாகச் சகித்துக்கொள்வார்கள், புகாரே போகாது, அந்தக் கணக்கு எண் அடுத்த வீட்டையும் ஏமாற்றும்.

குடும்பத்துக்கு வெளியே பொது அமைப்புகளுக்கும் வேலை இருக்கிறது. கோவில் நிர்வாகத்தின் பெயரிலும் பள்ளி வாரியத் தலைவரின் பெயரிலும் இதே மோசடி நடக்க இடமுண்டு. கூட்டத்தில் இருக்கிறேன், பேச முடியாது, இந்தக் கணக்கில் உடனே பணம் போடுங்கள் என்று பொருளாளருக்கு மின்னஞ்சல் வரும். கணக்கு எண் மாறியதாக எழுத்தில் வரும் எந்தத் தகவலையும், இரண்டு பேர் தொலைபேசியில் பேசி உறுதிசெய்யாமல் ஏற்பதில்லை என்று ஒவ்வொரு சங்கமும் ஒரு தீர்மானம் போட்டுவிடலாம். அதற்குச் செலவு ஒன்றுமில்லை. கும்பாபிஷேக மலரிலும் பள்ளி ஆண்டு மலரிலும் உறுப்பினர்களின் மின்னஞ்சல், கைப்பேசி எண், பிள்ளைகள் வேலை செய்யும் ஊர் வரை அச்சிடும் வழக்கத்தையும் மறுபரிசீலனை செய்யலாம். பெருமைக்காக அச்சிட்டதுதான், ஆனால் திருடனுக்கும் அதுவே முகவரிப் புத்தகம் ஆகிவிடுகிறது. தமிழ்ப்பள்ளியின் பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஒரு சனிக்கிழமை காலை பாட்டி தாத்தாக்களை வரவழைத்து, பேரப்பிள்ளைகளே முகவரியைத் திறந்து பார்க்கக் கற்றுக்கொடுக்கும்படி செய்தால் பிள்ளைகளுக்கும் அது பாடம். வங்கிகளும் காவல்துறையும் தங்கள் எச்சரிக்கைகளைத் தோட்டத்துப் பெரியவர்களுக்குப் புரியும் தமிழில், எழுத்தாக மட்டுமல்லாமல் நேரில் பேசியும் கொண்டுவர வேண்டும். மஸ்ஜிட் தானாவிலும் அலோர் காஜாவிலும் உள்ள வங்கி முகப்பில் தமிழ் தெரிந்த ஊழியர் ஒருவர் "யாருக்கு அனுப்புறீங்கம்மா?" என்று பரிவோடு கேட்டாலே பல வீடுகள் தப்பிக்கும்.

இது நம்மால் ஆகாத காரியம் என்று நினைக்கக் காரணம் இல்லை. தோட்டங்கள் துண்டாடப்பட்டு ஆயிரக்கணக்கான குடும்பங்கள் தெருவுக்கு வரவிருந்த நேரத்தில், 1960இல் துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். பால் மரம் வெட்டிய கைகள் சம்பளத்திலிருந்து சிறு தொகையாகப் பங்குப் பணம் கட்டித் தோட்டங்களையே வாங்கின. தனி ஒருவரால் தாங்க முடியாத ஆபத்தை ஊர் சேர்ந்து தாங்கிய அந்த அனுபவம் நம் தாத்தா பாட்டிகளுடையது. இப்போது நம்மிடம் கேட்கப்படுவது அதைவிட மிகச் சிறிய ஒத்துழைப்பு.

அடுத்த விடுமுறைக்கு வீடு வரும் பிள்ளைகள் புறப்படுவதற்கு முன் பெற்றோரோடு அரை மணி நேரம் உட்காருங்கள். உங்கள் எண்ணோடு உங்களை நன்கு அறிந்த இன்னும் இருவரின் எண்களையும், வங்கியின் மோசடிப் பிரிவு எண்ணையும், 997ஐயும் பெரிய எழுத்தில் எழுதித் தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். குடும்பத்துக்கான ரகசியச் சொல்லை அப்போதே முடிவு செய்யுங்கள். பிள்ளைகள் மறந்துவிட்டால் பெரியவர்களே, நீங்கள் கேட்டு வாங்குங்கள்; பிள்ளைகள் இல்லாத பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு உங்கள் எண்ணைக் கொடுங்கள்.